அதிசயமா, மூணு ஷிப்டா?

எங்கள் வீட்டில் ‘அதிசயம்’ என்ற சொல் சாமி காரியத்தைவிடக் கிண்டலுக்குத்தான் அதிகம் பயன்படும். பத்து மணி வரை தூங்குகிற பேரன் ஆறு மணிக்கே எழுந்து வந்தால், “என்னா அதிசயமா இருக்கு!” என்பார் பாட்டி. அதில் பாராட்டு பாதிதான். மீதி, ‘உன்கிட்ட இதை நான் எதிர்பார்க்கலையே’ என்பது. சமஸ்கிருத மூலத்திலும் அதிசயம் என்றால் மிகுதி, அளவை மீறியது. யார் வைத்த அளவு என்பதைத்தான் நாம் கேட்பதில்லை.

1993இல் உலக வங்கி ‘கிழக்காசிய அதிசயம்’ என்று ஓர் அறிக்கை வெளியிட்டது. ஜப்பான், தென்கொரியா, தைவான், ஹாங்காங், சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து, இந்தோனேசியா என எட்டுப் பொருளாதாரங்கள். வேடிக்கை என்னவென்றால், இதில் அதிசயம் என்று சொல்ல அதிகமில்லை என்று அந்த அறிக்கையே உள்ளே ஒத்துக்கொள்கிறது. முதலீடும் மனித வளமும் பெருகியதுதான் முக்கியக் காரணமாம். அப்புறம் எதற்கு அந்தத் தலைப்பு? பாட்டியின் கிண்டல்தான் எனக்கு ஞாபகம் வருகிறது.

அடுத்த ஆண்டே பால் குருக்மன் என்ற பொருளியலாளர் இந்த அதிசயத்தைக் கட்டுக்கதை என்று எழுதினார். சிங்கப்பூரை அவர் சோவியத் ஒன்றியத்தோடு ஒப்பிட்டது பலருக்குக் கோபமூட்டியது. ஆனால் அவர் காட்டிய கணக்கு ஒரு பொறியியலாளனுக்குச் சட்டென்று புரியும். 1966க்கும் 1990க்கும் இடையில் சிங்கப்பூர் மக்கள்தொகையில் வேலை செய்வோரின் பங்கு 27 விழுக்காட்டிலிருந்து 51 ஆனது. உள்ளே போட்டது கூடியது, வெளியே வந்ததும் கூடியது.

உள்ளே போட்டது என்றால் ஆள்கள். 1972இல் பினாங்கு பாயான் லெப்பாஸில் சுதந்திர வர்த்தக வட்டாரம் தொடங்கிய பிறகு, கம்பத்திலிருந்தும் தோட்டத்திலிருந்தும் இளம்பெண்கள் எலக்ட்ரானிக் பேக்டரிகளுக்குப் போனார்கள். மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து, முடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சில்லில் இணைக்கும் வேலை. என் சின்னம்மாவும் அங்கே போனவர். அறிக்கையின் தலைப்பை அவரிடம் சொன்னேன். “அதிசயமா? மூணு ஷிப்டுடா அது,” என்றார். நாற்பது வயதுக்கு முன்பே கண்ணாடி போட்டுக்கொண்டவர்.

1997 ஜூலையில் தாய்லாந்தின் பாட் சரிந்தது, ரிங்கிட்டும் பின்னாலேயே போனது. மேற்கத்திய நாளிதழ்கள் அதிசயத்தைக் கைவிட்டு ‘கூட்டாளி முதலாளித்துவம்’ என்று எழுத ஆரம்பித்தன. அந்த வாரமும் சின்னம்மா நைட் ஷிப்டில்தான் இருந்தார்.