ஒப்பந்தப்புள்ளி

ஊரே ‘டெண்டர்’ என்று சொல்வதற்கு அரசு அறிவிப்புகளிலும் நாளிதழ் விளம்பரங்களிலும் வழங்கும் தமிழ்ச்சொல் இது. ‘ஒப்பந்தம்’ ஒப்பு என்பதன் வழியே வந்தது. இசைவு என்று பொருள். புள்ளிதான் சுவையானது. பொட்டையும் எழுத்தின் தலைமேல் இடும் குறியையும் சுட்டும் அச்சொல், எண், மதிப்பீடு, கணக்கு என்றும் விரிந்தது. புள்ளிவிவரம், விலைப்புள்ளி இரண்டும் அந்தக் கிளையில் வந்தவை. (ஊர்ப் ‘பெரும்புள்ளி’ வேறு கிளை.) ஆக, இன்ன வேலையை இன்ன தொகைக்குச் செய்ய இசைகிறேன் என்று எழுதித் தரும் கணக்கே ஒப்பந்தப்புள்ளி.

பாதாள சாக்கடை போன்ற பெரிய பணிகளில் ஒப்பந்தப்புள்ளியை இரண்டு உறைகளில் கேட்பது வழக்கம். முதலில் தொழில்நுட்ப உறை. அதில் தேறியவரின் விலை உறையே பிறகு பிரிக்கப்படும். குழாயின் ஆழமும் சரிவும் மண்ணுக்குள் மறைந்துவிடும் என்பதால், உள்ளாட்சி மன்ற உறுப்பினர்கள் தொகையோடு வேலை அளவுப் பட்டியலையும் வரி விடாமல் படிக்க வேண்டும் என்பேன். தமிழ்நாட்டில் ஒப்பந்தப்புள்ளிகளுக்கென 1998-இல் தனிச்சட்டமே வந்தது. வகுத்த அளவுகோல்படி மதிப்பிட்டு, குறைந்த புள்ளியை ஏற்க வேண்டும் என்பது அதன் நெறி. ஏற்புக்குப் பின் இரு தரப்பும் கையெழுத்திடுவதுதான் ஒப்பந்தம்.