குண்டும் குண்டமும்

'குண்டும் குழியுமான சாலை' என்று நாள்தோறும் சொல்கிறோம். இந்தக் குண்டு உருண்டையல்ல, பள்ளம். சங்கப் பாடல்களில் குண்டு என்றால் ஆழம். ஆழமான சுனை குண்டுசுனை. தெலுங்கில் குண்ட என்றால் குளம். வேள்வித் தீ எரியும் குழி ஓமகுண்டம். வடமொழியின் 'குண்ட' திராவிடத்திலிருந்து போனது என்று கருதினார் மொழியறிஞர் பரோ. எல்லோரும் அதை ஏற்கவில்லை. பொருள் இவ்வளவு ஒட்டிவருவதைப் பார்க்கையில் எனக்கு ஏற்கவே தோன்றுகிறது.

அந்தச் சொல் 4,380 மீட்டர் உயரத்திலும் இருக்கிறது. நேபாளத்தின் ரசுவா மாவட்டத்தில், லாங்டாங் தேசியப் பூங்காவுக்குள் உள்ள ஏரியின் பெயர் கோசாயிகுண்டம். குளிர்காலம் முழுதும் அது உறைந்து கிடக்கும். பெயரின் முன்பாதியும் நமக்குப் புதிதல்ல. வடக்கிலிருந்து வரும் துறவியைக் கோசாயி என்பார்கள். 'கோஸ்வாமி' தேய்ந்த வடிவம் அது. ஏரிக்கரையில் அந்தப் பெயர் சிவனுக்கே உரியது.

சிவன் ஆலகால நஞ்சை உண்ட கதையை நாம் உமை இறைவன் கழுத்தைப் பிடிப்பதோடு நிறுத்திவிடுவோம். நேபாளத்தார் மேலே சொல்கிறார்கள். தொண்டை எரிகிறது, இறைவன் குளிர்ச்சி தேடிப் பனிமலைக்கு வருகிறான், சூலத்தால் மலையைக் குத்துகிறான். மூன்று ஊற்றுகள் பீறிட, அந்த நீர் தேங்கி ஏரியாகிறது. அங்கிருந்து இறங்கும் நீர் சேரும் ஆற்றுக்குத் திரிசூலி என்றே பெயர். நீருக்குள் தெரியும் பாறைதான் எரிச்சல் தணியப் படுத்திருக்கும் நீலகண்டன். உலகுக்காக நஞ்சுண்டவனுக்கும் தாகம் எடுத்தது என்று எண்ணிய மனங்களை நான் வணங்குகிறேன்.

சூலம் குத்திய குழி என்பதால்தான் குண்டமா? அருகிலுள்ள ஏரிகளும் பைரவகுண்டம், சரஸ்வதிகுண்டம் என்றே பெயர் கொண்டவை. மலையின் பள்ளங்களைக் கண்டவர்கள் முதலில் குண்டம் என்றிருப்பார்கள். சூலம் பிறகு வந்திருக்கும் என்பது என் எண்ணம். நேபாளத்தின் நேவார் மக்களுக்கோ கோசாயிகுண்டத்தின் பெயர் சிலு. கணவனும் மனைவியும் அங்கே சேர்ந்து போனால் பிரிந்துவிடுவார்கள் என்று அவர்களிடையே ஓர் அச்சம் உண்டு.

நாம் ஆவணி அவிட்டம் கொண்டாடும் பௌர்ணமி அங்கே ஜனை பூர்ணிமா. அன்று பூணூல் மாற்றிக்கொள்பவர்களோடு தாமாங் மலைமக்களின் ஜாங்க்ரி பூசாரிகளும் பறையடித்து ஏறிவருகிறார்கள். ஏற முடியாதவர்கள் பாட்டன் நகரின் கும்பேஸ்வரர் கோயில் குளத்துக்குப் போவார்கள். மலையேரியின் நீர் நிலத்தடியே அங்கு வந்து சேர்கிறது என்பது நம்பிக்கை. குளத்தின் நடுவே அன்று லிங்கம் எழுந்தருளும். முழங்காலளவோ மார்பளவோ நீரில் இறங்கி நடந்து அதைத் தொட்டு வருவார்கள்.