நாலாம் நெடுவரிசை: டேட்டாபேஸ் நம்ம வாக்கியத்தை எப்படி ஞாபகம் வைக்குது?

கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கரையேறி, விடியும்போது எங்க கந்தர்வக்கோட்டையைத் தாண்டிப் போயிருந்தது. தாத்தா காலத்து முந்திரி மரமெல்லாம் வேரோட சாஞ்சு கெடந்துச்சு. கரண்டு வர பல நாளாச்சு. நான் பெங்களூரிலிருந்து லீவு போட்டு வந்து, ஊர்ப் பையன்களோடு சேர்ந்து வீடு வீடாகக் கணக்கெடுத்தேன். வெளியூர் நண்பர்கள் அனுப்பிய தார்ப்பாய் ஒரு லோடு வந்திருந்தது. எல்லாருக்கும் பத்தாது. வீடு முழுசா போனவர்களுக்கு முதலில் கொடுப்பது என்று முடிவு.

லேப்டாப்பில் போஸ்ட்கிரெஸ் இருந்தது. ஒரு டேபிள், ஐந்து நெடுவரிசை: எண், பெயர், ஊர், முழுச்சேதம், பகுதிச்சேதம். அதன்மேல் ஒரு வியூ. முழுச்சேதம் 'ஆம்' என்றிருக்கும் குடும்பங்களை மட்டும் காட்டு என்பதுதான் அந்த வியூ. நாலு வரி எஸ்.க்யூ.எல். இதையெல்லாம் எக்செல்லில் செய்திருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு: செய்திருக்கலாம். சாஃப்ட்வேர்காரன் கையில் கத்தி இருந்தா வெங்காயத்தையும் அதாலதான் வெட்டுவான்.

வியூ எழுதி முடித்தபிறகுதான் கவனித்தேன், ஃபைலை ஏற்றும்போது கடைசி இரண்டு தலைப்பும் இடம் மாறிவிட்டிருந்தன. மாடி வீட்டுக்காரர்கள் பெயருக்கு நேராக முழுச்சேதம் 'ஆம்' என்று இருந்தது. மறுபடி ஏற்ற பேட்டரி இல்லை. சரி, தலைப்பை மட்டும் மாற்றிவிடலாம் என்று முழுச்சேதத்தை 'தற்காலிகம்' ஆக்கி, பகுதிச்சேதத்தை முழுச்சேதம் ஆக்கி, தற்காலிகத்தைப் பகுதிச்சேதம் ஆக்கினேன். டேபிளைத் திறந்து பார்த்தேன், எல்லாம் சரி. வியூவிலிருந்து லிஸ்ட் எடுத்து, ஜெனரேட்டர் ஓடிய ஒரு ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் போட்டுப் பெரியப்பாவிடம் கொடுத்தேன்.

அவர் கண்ணாடியை மாட்டி ஒரு பக்கம் படித்தார். "என்னடா தம்பி லிஸ்ட்டு இது? நாலு ஓடு பறந்தவன் பேரெல்லாம் இருக்கு. செவுரு விழுந்து கோயில் மண்டபத்துல படுத்திருக்கவன் ஒருத்தன் பேரும் இல்லையே!"

லேப்டாப்பைத் திறந்து வியூ எழுதிய ஃபைலைப் பார்த்தேன். முழுச்சேதம் என்றுதான் எழுதியிருந்தேன். டேபிளிலும் முழுச்சேதம் சரியாகத்தான் இருந்தது. இரண்டும் சரி, லிஸ்ட் மட்டும் தப்பு. லோடு வண்டி வாசலில் நிற்கிறது. அந்த அரை மணி நேரத்தில் எனக்கு வேர்த்த வேர்வை இருக்கே! கடைசியில் டேட்டாபேஸையே கேட்டேன்: நீ வைத்திருக்கும் வியூ என்ன, காட்டு. அது காட்டிய வரியில் முழுச்சேதம் இல்லை, பகுதிச்சேதம் என்று இருந்தது. நான் எழுதாத வார்த்தை அது.

இந்தக் கட்டுரை அந்த ஒரு வார்த்தையைப் பற்றியது. ஆறு வருஷத்துக்கும் மேலாக விட்டு விட்டுப் படித்துச் சேர்த்த குறிப்புகள்.

நாம் அனுப்பும் குவெரி டேட்டாபேஸுக்கு வெறும் எழுத்துக்கோவைதான். முதலில் பார்ஸர் அதைச் சொல் சொல்லாகப் பிரித்து, இலக்கணத்தோடு ஒட்டிப் பார்த்து ஒரு மரமாக்குகிறது. போஸ்ட்கிரெஸில் இந்த முதல் மரத்தில் பெயர்கள் பெயர்களாகவே இருக்கும். அப்படி ஒரு டேபிள் நிஜமாகவே இருக்கிறதா என்றுகூட இந்தக் கட்டத்தில் பார்ப்பதில்லை, வாக்கியம் இலக்கணப்படி சரியா என்பது மட்டும்தான் கேள்வி. அடுத்த கட்டத்தில்தான் ஒவ்வொரு பெயரையும் அட்டவணையில் தேடி, கிடைத்ததும் பெயரைத் தூக்கிப் போட்டுவிட்டு எண்ணை வைக்கிறது. 'முழுச்சேதம்' என்ற சொல் 'வார்' என்ற ஒரு கணுவாகிறது. அதில் முக்கியமாக இரண்டு எண்கள்: இந்தக் குவெரியில் எத்தனையாவது டேபிள், அந்த டேபிளில் எத்தனையாவது நெடுவரிசை. நான் வியூ எழுதிய நிமிஷத்தில் முழுச்சேதம் நாலாவது நெடுவரிசை. ஆகவே வியூவுக்குள் போனது நாலு என்ற எண். அதன்பிறகு நாலாவதன் பெயரை நான் என்னவாக மாற்றினாலும் அதற்கு அக்கறை இல்லை.

பெரியப்பாவிடம் இதை விளக்கியபோது அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார். "அப்ப சர்வே நம்பர் மாதிரின்னு சொல்லு." அதேதான். வேப்பமரத்துக் கொல்லை என்று ஊர் சொல்லும், மரம் விழுந்தபிறகு வேறு பெயர் சொல்லும், பட்டாவில் இருப்பது எண்.

ஏன் இப்படி வைத்தார்கள் என்பதற்கு 1970களுக்குப் போகவேண்டும். கோட் தன் ரிலேஷனல் மாதிரியை 1970-இல் வெளியிட்டார். அதைச் செயலில் காட்ட இரண்டு முயற்சிகள் ஏறக்குறைய ஒரே சமயத்தில், ஒரே வட்டாரத்தில் நடந்தன. ஐ.பி.எம்மின் சான் ஹோசே ஆய்வகத்தில் சிஸ்டம் ஆர், பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இங்க்ரெஸ். ஒரு வியூவின்மேல் இன்னொருவர் குவெரி எழுதினால் என்ன செய்வது என்பது இரண்டு பேருக்கும் வந்த சிக்கல். வியூவை முழுசாகக் கணக்கிட்டு எங்காவது வைத்துவிட்டு அதில் தேடலாம், ஆனால் வீண் வேலை. பெர்க்லியின் ஸ்டோன்பிரேக்கர் 1975-இல் எழுதிய கட்டுரையில் வேறு வழி சொன்னார்: குவெரியையே திருத்தி எழுது. வியூவின் நிபந்தனையை வந்த குவெரிக்குள் செருகிவிடு. சிஸ்டம் ஆர் குழுவும் வியூவைப் பார்ஸ் மரமாகவே அட்டவணையில் சேமித்து, வருகிற குவெரியின் மரத்தோடு அதை ஒட்டி, ஒட்டிய மரத்தை ஆப்டிமைசருக்கு அனுப்பியது. எழுத்தை எழுத்தோடு ஒட்டினால் அடைப்புக்குறியில் ஆரம்பித்து ஆயிரம் வம்பு. மரத்தை மரத்தோடு ஒட்டுவது ஒட்டுமாங்கன்று கட்டுவது மாதிரி, வெட்டுவாய் பொருந்தினால் போதும்.

ஸ்டோன்பிரேக்கரின் அடுத்த திட்டம்தான் 1986-இல் தொடங்கிய போஸ்ட்கிரெஸ். முதலில் அதன் ஒரு பகுதியை லிஸ்ப் மொழியிலும் மிச்சத்தை சி மொழியிலும் எழுதினார்கள். லிஸ்பில் மரமும் பட்டியலும் தண்ணீர்பட்ட பாடு, பார்ஸருக்கும் ஆப்டிமைசருக்கும் வசதி. ஆனால் இரண்டு மொழியையும் சேர்த்து மேய்க்க முடியாமல் எல்லாவற்றையும் சி-க்கு மாற்றிவிட்டார்கள், லிஸ்பைத் தேர்ந்தெடுத்தது தவறென்று 1990 கட்டுரையில் அவர்களே ஒப்புக்கொண்டார்கள். லிஸ்ப் போனாலும் அதன் தடம் போகவில்லை. இன்றைக்கும் சேமித்த வியூவைப் பச்சையாகப் பார்த்தால் அடைப்புக்குறிக்குள் அடைப்புக்குறியாக லிஸ்ப் வாடை அடிக்கும். லிஸ்பின் கோர்வைப் பட்டியல்களே உள்ளே ஓடிக்கொண்டிருந்தன. 2020-இல் வந்த 13ஆம் பதிப்பில்தான் அவற்றை வரிசை அணிகளாக மாற்றினார்கள், பழைய செயல்களின் பெயர்களில் பல அப்படியே இருக்கின்றன. 1994-இல் ஆண்ட்ரூ யூ, ஜாலி சென் என்ற இரண்டு மாணவர்கள் போஸ்ட்க்வெல் என்ற பழைய மொழியை எடுத்துவிட்டு எஸ்.க்யூ.எல்லை வைத்தபோதும் உள்ளே இருந்த மர வடிவம் தொடர்ந்தது. வாசல் கதவை மாத்தினாங்க, வீடு அதே வீடு.

கல்வெட்டுப் படிக்கும் ஆசை உள்ளவர்களுக்கு இதில் ஒரு சின்ன விருந்து. என் வியூவின் சேமித்த மரத்தில் டேபிள் எண் 1 என்று இருக்கும் என எதிர்பார்த்தேன், ஒரே டேபிள்தானே. ஆனால் 3 என்று இருந்தது. 1, 2 யார்? 'ஓல்ட்', 'நியூ' என்று இரண்டு போலி உள்ளீடுகள். போஸ்ட்கிரெஸுக்கு வியூ என்பது தனி உயிர் இல்லை, 'இந்த டேபிளைக் கேட்டால் அந்தக் குவெரியைக் கொடு' என்ற விதி. விதிகளில் பழைய வரிசை, புதிய வரிசை என்று குறிப்பிட இடம் வேண்டும், அதற்காக வைத்த இரண்டு நாற்காலிகள். வியூவில் யாரும் அதில் உட்காருவதில்லை. ஆனாலும் பழைய பதிப்புகளில் எல்லா வியூவிலும் அந்த நாற்காலிகள் காலியாகக் கிடக்கும். கோயிலில் பின்னாளில் வேறு வேலைக்கு ஆன மண்டபத்தில் பழைய தூணின் தடத்தைக் காண்பது போன்ற சந்தோஷம் எனக்கு.

எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்களா என்றால் இல்லை. மைஎஸ்க்யூஎல் வியூவைப் பெயர்கள் உள்ள எழுத்தாகவே வைக்கிறது. அன்றைக்கு நான் அதில் வேலை செய்திருந்தால் என் லிஸ்ட் சரியாக வந்திருக்கும்! ஆனால் ஒரு நெடுவரிசையின் பெயரைச் சாதாரணமாக மாற்றினாலே அதில் வியூ உடைந்துவிடும். எஸ்க்யூலைட்டும் எழுத்தாகத்தான் வைக்கிறது. ஆனால் 2018 செப்டம்பரில் வந்த 3.25 பதிப்பிலிருந்து, பெயரை மாற்றினால் வியூவின் எழுத்துக்குள்ளேயே புகுந்து திருத்திவிடுகிறது. எது நல்லது? என்னைப் பொறுத்தவரை போஸ்ட்கிரெஸ் செய்ததே சரி. பெயர் மாறியது என்பதால் பொருள் மாறக்கூடாது. நான் செய்தது பெயர் மாற்றம் என்ற கருவியால் பொருளை மாற்றப் பார்த்தது. தப்பு என்னோடது.

தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இந்தச் சிக்கல் புதிதில்லை. செய்யுளில் சொற்கள் நிற்கும் வரிசை வேறு, பொருள் கொள்ளும் வரிசை வேறு. நன்னூல் எட்டு வகைப் பொருள்கோள் சொல்கிறது. எஸ்.க்யூ.எல்லில் 'செலக்ட்' முதலில் நிற்கும், 'ஃப்ரம்' பின்னால் வரும். பொருள் கொள்ளும்போது முதலில் ஃப்ரம், பிறகு நிபந்தனை, அதற்கப்புறம்தான் செலக்ட். இதை ஒரு கொண்டுகூட்டு என்று நான் சொன்னால் தமிழாசிரியர்கள் சண்டைக்கு வரலாம், வரட்டும். மூலத்தைத் தூக்கி எறிந்துவிட்டு உரையை மட்டும் வைத்துக்கொள்ளும் உரையாசிரியர் என்று போஸ்ட்கிரெஸைச் சொல்லலாம். நீங்கள் எழுதிய கமெண்ட், இடைவெளி, வரி முறிவு எதுவும் மிஞ்சாது. நட்சத்திரக் குறி போட்டிருந்தால் அதையும் விரித்துத்தான் வைத்திருக்கும். திருப்பிக் கேட்டால் மரத்திலிருந்து புதிதாக ஒரு வாக்கியம் எழுதித் தரும். எனக்குப் பகுதிச்சேதம் என்று காட்டியது அப்படி எழுதிய வாக்கியம்தான்.

இந்த வரலாற்றில் நம்ம பக்கத்து ஆட்கள் இருக்கிறார்கள் என்பது தேடிப் படித்தபோது தெரிந்தது. சென்னை ஐ.ஐ.டி.யில் 1983-இல் பி.டெக். முடித்த ரகு ராமகிருஷ்ணன், குவெரியைத் திருத்தி எழுதும் 'மேஜிக் செட்' முறையை வளர்த்தவர்களில் ஒருவர். விஸ்கான்சினில் அவரிடம் ஆய்வு செய்தவர் எஸ். சுதர்சன், அவரும் சென்னை ஐ.ஐ.டி.தான், 1987. சில்பர்ஷாட்ஸ், கோர்த், சுதர்சன் என்று அட்டையில் மூன்று பெயர் போட்ட டேட்டாபேஸ் புத்தகத்தை பி.இ.யில் நானும் சுமந்திருக்கிறேன், மூன்றாமவர் யார் என்று அப்போது யோசித்ததே இல்லை.

சுதர்சன் பம்பாய் ஐ.ஐ.டி.யில் பிரசன் ராய், சேஷாத்ரி, சித்தேஷ் போபே ஆகியோருடன் 2000-இல் வெளியிட்ட கட்டுரை, மரம் போதாத இடத்தைப் பற்றியது. பத்து டேபிள்களை இணைக்கும் ஒரு குவெரியை 1760 கோடிக்கும் மேற்பட்ட விதமாகச் செய்யலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு மரம் நட இடம் ஏது? ஆகவே மரத்துக்குப் பதில் ஒரு வலை. அதில் இரண்டு வகைக் கணு. ஒன்று 'இந்த விடை', இன்னொன்று 'அதை அடைய இந்த வழி'. குடும்பத்தையும் ஊரையும் இணைத்த விடைக்கு ஒரே கணு, அதற்குக் கீழே பல வழிகள். வேறு எந்தப் பெரிய குவெரிக்கு அதே விடை தேவைப்பட்டாலும் அதே கணுவையே சுட்டும். இந்த வடிவம் கிரேஃபின் வால்கேனோ ஆப்டிமைசரிலிருந்து வந்தது. பம்பாய்க்காரர்கள் கேட்ட கேள்வி அடுத்தது: பல குவெரிகள் ஒன்றாக வந்தால் எல்லாவற்றையும் ஒரே வலையில் போட்டு, பொதுவாக உள்ள எந்தக் கணுவின் விடையை ஒருமுறை கணக்கிட்டு வைத்துக்கொண்டால் மொத்தச் செலவு குறையும்? எல்லாக் கணுவையும் சேமித்தால் சேமிப்பே செலவாகிவிடும். பேராசை வழியில், அதாவது ஒவ்வொரு முறையும் அதிக லாபம் தரும் கணுவைத் தேர்ந்தெடுத்து, அதையும் வேகமாகச் செய்யும் உத்திகளைக் காட்டினார்கள். வாசித்தபோது எங்க ஊர்க் கல்யாணச் சமையல்தான் ஞாபகம் வந்தது. சாம்பாருக்கும் கூட்டுக்கும் பருப்பைச் சேர்த்து வேகவைப்பார்கள், தாளிப்பைச் சேர்த்துச் செய்யமாட்டார்கள்.

அன்றைக்கு நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். வியூவை அதே நாலு வரியால், ஒரு எழுத்தும் மாற்றாமல், மறுபடி உருவாக்கினேன். இப்போது முழுச்சேதம் என்ற சொல் ஐந்தாவது நெடுவரிசையைக் கண்டுபிடித்தது. புது லிஸ்ட் வந்தது. முதல் லிஸ்ட்டில் பெயர் இருந்த மாடி வீட்டு மாமா ஒருத்தர் எனக்கு மட்டும் ஏன் வெட்டினே என்று ரொம்ப நாள் பேசவில்லை. மண்டபத்தில் படுத்திருந்த அப்பத்தா ஒருத்தர் தார்ப்பாயை வாங்கி மடித்து வைத்துக்கொண்டு, "எம் பேரு அப்பவே இருந்துச்சாமே, பொட்டிதான் மாத்திப் படிச்சிருச்சாம்ல?" என்று கேட்டார். ஆமா அப்பத்தா என்றேன்.

அந்த லேப்டாப் இன்னும் இருக்கிறது. போன வாரம் திறந்து வியூவின் மரத்தைப் பார்த்தேன். டேபிள் 3, நெடுவரிசை 5.