வாங்கியைப் பிடித்துத் தந்த நஞ்சு

நாவுலயில் ஏ9 வீதியை விட்டு உள்ளே இறங்கினால் வயலும் சேனையும்தான். அங்கே மண் தரையில் பாய் விரித்துப் படுப்பவர்களுக்கு இரவில் எமனாக வருவது கட்டுவிரியன். சிங்கள அயலவர் அதைத் ‘தெல் கரவலா’ என்பார்கள். அதன் கடி எறும்புக் கடி போலத்தான் தெரியும். உறக்கம் கலையாதவர்களும் உண்டு. பிறகு வயிற்றுவலி வரும், இமை சோர்ந்து தொங்கும், எச்சில் விழுங்க முடியாமற் போகும், கடைசியில் மூச்சுத் தசைகள் ஓயும். கிறிஸ்டின் அரியரத்தினமும் சக ஆய்வாளர்களும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், கடித்த பாம்பையே கொண்டுவந்து இனம் கண்ட 762 கடிகளில் 88 கட்டுவிரியனுடையவை. அவை உலர் வலயத்திலும் இடைவலயத்திலும் பரவிக் கிடந்தன. நாவுல இடைவலயத்து ஊர்.

மருந்தியலில், உடலில் மருந்தை ஏற்கும் ‘வாங்கி’ என்ற கருத்து ஊகமாக இருந்த நிலை மாறி, கையால் தொடக்கூடிய பொருளானது இந்தப் பாம்பின் உறவினம் ஒன்றின் நஞ்சால்தான். தைவானின் மருந்தியலாளர் லீ சென்-யுவானின் ஆய்வு வாழ்வை அந்தக் கோணத்தில் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

1905இல் கேம்பிரிட்ஜில் ஜோன் லாங்லி கோழியின் தசையில் நிக்கட்டினை இட்டார். நரம்பு வெட்டுண்டு அழிந்த பின்னும் தசை சுருங்கியது; குராரே நஞ்சு அதை அடக்கியது. அப்படியானால் இரண்டையும் ஏற்கும் ஏதோ ஒன்று தசையிலேயே இருக்க வேண்டும் என்றார் அவர். அதற்குப் பின் கிளார்க், கடம், ஷில்ட் ஆகியோர் மருந்தின் அளவுக்கும் விளைவுக்குமான சமன்பாடுகளை எழுதினார்கள். சமன்பாடுகள் பொருந்தின. ஆனால் வாங்கியை எவரும் பிரித்தெடுத்திருக்கவில்லை. அது வெறும் சொல்லா, உண்மையான மூலக்கூறா என்ற ஐயம் பலருக்கு நெடுங்காலம் இருந்தது.

லீயின் ஆசான் டூ சுங்-மிங். அபினியையும் பாம்பு நஞ்சையும் ஆராய்ச்சிப் பொருளாக்கித் தைவானின் மருந்தியலுக்கு அடித்தளம் இட்டவர் அவர். உள்ளூரில் மனிதரைக் கொல்வதையே ஆராய்வது என்ற அந்த வழியில்தான் லீயும் நடந்தார். 1963இல் அவரும் சாங் சுவான்-சியுங்கும், தைவானில் குடையின் பெயரால் அழைக்கப்படும் பலபட்டைக் கட்டுவிரியனின் நஞ்சை மின்புலத்தில் ஓடவிட்டுக் கூறுகளாகப் பிரித்தார்கள். அவற்றில் அல்ஃபா, பீட்டா எனப் பெயரிட்ட இரண்டும் முற்றிலும் வேறு வழிகளில் கொல்வன. அல்ஃபா பட்ட தசைக்கு, தசையைச் சுருக்க நரம்பு விடுக்கும் அசற்றைல்கோலீனை நேரே கொடுத்தாலும் சுருங்கவில்லை. பீட்டா பட்ட தசை அதற்குச் சுருங்கியது, ஆனால் நரம்பைத் தூண்டினால் அசைவே இல்லை. முன்னது தசையின் வாங்கியை அடைக்கிறது, பின்னது நரம்பின் நுனியைக் கெடுக்கிறது என்ற முடிவு அந்த எளிய ஒப்பீட்டில் இருந்தது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்புத் தீராத சோதனை இது.

அந்த அல்ஃபாவின் முழுப் பெயர் அல்ஃபா பங்காரோடொக்சின்; அது 74 அமினோ அமிலங்கள் கொண்ட சிறு புரதம். வாங்கியைப் பற்றினால் இலேசில் விடாது. வாங்கியைத் தேடிக்கொண்டிருந்தவர்களுக்கு வேண்டியிருந்ததும் அத்தகைய பிடிதான். 1970இல் பாரிஸின் ழான்-பியேர் சாஞ்சேயும் கசாயும் லீயுடன் சேர்ந்து, மின்விலாங்கின் மின்னுறுப்பிலிருந்து எடுத்த புரதத்தில் இந்த நஞ்சு ஒட்டுவதைக் காட்டினார்கள். லாங்லி ஊகித்த பொருள் 65 ஆண்டுகளுக்குப் பின் கைக்கு வந்தது. 1973இல், தூய்மையாக்கிய அதே வாங்கியை முயல்களுக்கு ஊசியிட்டபோது அவை தசைத் தளர்ச்சி நோய்க்கு ஆளாயின. மயஸ்தீனியா கிராவிஸ் என்ற நோய் வாங்கியைத் தாக்கும் பிறபொருளெதிரிகளால் வருவது என்பது அதன்பின் தெளிவாயிற்று.

லீ ஆய்வகத்தோடு நிற்கவில்லை. 1991இல், முதிய வயதில், பேச்சைக் குற்றமாக்கிய தைவான் குற்றவியல் சட்டத்தின் 100ஆம் பிரிவுக்கு எதிரான இயக்கத்தை முன்னின்று நடத்தினார். மறு ஆண்டு அந்தப் பிரிவு திருத்தப்பட்டது.

நம் கட்டுவிரியனுக்கு வருவோம். இங்கே பெருங்கேடு செய்வது பீட்டா வகைதான். அஞ்சன சில்வாவும் சக ஆய்வாளர்களும் இலங்கை நோயாளர்களிடம் செய்து 2016இல் வெளியிட்ட ஆய்வில், விஷமுறி மருந்து இரத்தத்திலுள்ள நஞ்சை அகற்றிய பிறகும் வாதம் தொடர்ந்தது. நரம்பு நுனி ஏற்கெனவே சிதைந்துவிட்டது. மருந்து அதைத் திருப்பித் தராது. நுனி தானாக வளர வேண்டும், அதற்கு நாட்கள் பிடிக்கும். அதுவரை உயிரைத் தாங்குவது செயற்கைச் சுவாசக் கருவி. இமையைக்கூடத் தூக்க முடியாமல் கிடக்கும் அந்த நோயாளருக்கு நினைவு தெளிவாகவே இருக்கலாம். கட்டிலருகே நின்று பிழைப்பாரா மாட்டாரா என்று உறவினர் பேசுவது அவர் காதில் விழும்.