அலமாரியில் கிடக்கும் லென்ஸ்

நம் தூத்துக்குடி முத்துப்பாரில் கடைசி முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல். அதற்கு இரண்டு வருடம் முன்னால் நிக்கான் 'எஃப்' கேமரா வந்தது. அதில் லென்ஸ் மாட்டும் வளையம், அடிப்படையில், நிக்கானின் டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். வரை தொடர்ந்தது. கேனான் அப்படியில்லை, 1987-இல் வளையத்தையே மாற்றிவிட்டது. அதற்கு முந்தைய லென்ஸ் அவர்களின் டிஜிட்டல் பாடியில் நேராகப் பொருந்தாது.

ஆகவே டி.எஸ்.எல்.ஆர். வாங்கப் போகிறீர்களா? முதலில் அப்பா, தாத்தா வைத்துவிட்டுப் போன லென்ஸை எடுத்துப் பாருங்கள். பாடி சில வருடத்தில் பழசாகிவிடும், நல்ல லென்ஸ் அப்படியல்ல. ஃபோகஸைக் கையால் திருப்ப வேண்டும்.

நிக்கானிலும் 1977-க்கு முந்தையது சில பாடிகளைப் பழுதாக்கும், விசாரித்து மாட்டுங்கள். கடற்கரை ஈரத்தில் கண்ணாடிக்குள் பூஞ்சை பிடித்திருக்கலாம். டார்ச் அடித்துப் பாருங்கள்.