சுயமரியாதைத் திருமணத்தில் தலைவரின் இடம்: மேடையும் சட்டமும்

புரோகிதர் இன்றி, மணமக்கள் தம் கொள்கைக்கும் விருப்பத்திற்கும் ஏற்ப அமைத்துக்கொள்ளும் திருமணமுறை தமிழகத்தில் சுயமரியாதை இயக்கத்தின்வழி பரவலாயிற்று. ‘குடி அரசு’ இதழ் 1925இல் தொடங்கப்பெற்றது. அதன் மூன்றாண்டுகளுக்குப் பின்னர், அருப்புக்கோட்டையை அடுத்த சுக்கிலநத்தத்தில் 28.05.1928 அன்று பெரியார் தலைமையில் நடைபெற்ற மணத்தையே முதல் சுயமரியாதைத் திருமணமாக இயக்க வரலாற்று நூல்கள் குறிக்கின்றன. இம்மணமுறை பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் நீக்கப்பட்டவற்றையே பேசுகின்றன: வடமொழி மந்திரம், ஓமத்தீ, கன்னிகாதானம், நல்ல நேரம். புரோகிதர் எழுந்து சென்ற இடத்தில் யார் வந்து அமர்ந்தார் என்னும் வினா அதே அளவு கவனம் பெறவில்லை. அவ்விடத்திற்கு வந்தவர் ‘தலைவர்’. மேடையில் அவர் பெற்ற இடமும் சட்டத்தில் பெறாத இடமும் இங்கு ஆராயப்படுகின்றன.

கூட்ட நடைமுறையே சடங்காதல்

சுயமரியாதைத் திருமண அழைப்பிதழ்களில் ‘வாழ்க்கைத் துணைநல ஒப்பந்த விழா’ என்பது போன்ற தலைப்பும், விழா யாருடைய தலைமையில் நடைபெறும் என்ற குறிப்பும் இடம்பெறுவது வழக்கம். நிகழ்ச்சியும் அதற்கேற்பவே அமையும். ஒருவர் தலைவரை முன்மொழிவார், மற்றொருவர் வழிமொழிவார். தலைமையுரைக்குப் பின் மணமக்கள் உறுதிமொழி கூறி மாலை மாற்றிக்கொள்வர். அடுத்து வாழ்த்துரைகள், இறுதியில் நன்றியுரை. இவ்வொழுங்கு எந்தச் சமயச் சடங்கிலிருந்தும் எடுக்கப்பட்டதன்று. பொதுக்கூட்டத்தின் நடைமுறையிலிருந்து எடுக்கப்பட்டது. புதிய மணமுறைக்கு வடிவம் தேடிய இயக்கம், தனக்கு மிகவும் பழகிப்போன வடிவத்தையே மணப்பந்தலுக்குக் கொண்டுசென்றது எனலாம்.

புரோகிதருக்கும் தலைவருக்கும் உள்ள வேறுபாடு அடிப்படையானது. புரோகிதரின் தகுதி பிறப்பாலும் மந்திரப் பயிற்சியாலும் அமைவது. ஒரு மணம் முடிந்தாலும் அது அவரோடு நிற்பது. தலைவரின் தகுதியோ அவையோர் வழிமொழிந்த அளவில் தோன்றிக் கூட்டம் கலையும்போது மறைவது. ஆகவே எச்சாதியினரும், ஆணாயினும் பெண்ணாயினும், மணவிழாவிற்குத் தலைமை ஏற்க இயன்றது. 1929 டிசம்பரில் நடைபெற்ற குஞ்சிதம் – குருசாமி இணையரின் சாதி மறுப்பு மணம் போன்றவை இவ்வடிவம் எதற்காக வேண்டப்பட்டது என்பதைத் தெளிவாக்குகின்றன. சாதியை மறுத்து இணைவோருக்குச் சாதிப் புரோகிதர் மணம் செய்துவைப்பது அரிது.

தமிழறிஞர் சிலர் வளர்த்த தமிழ்முறைத் திருமணத்தை இதனின்று பிரித்தறிதல் வேண்டும். அகநானூற்றின் 86, 136 ஆம் பாடல்கள் காட்டும் மணங்களில் புரோகிதரோ தீவலமோ இல்லை என்பது அவர்தம் வலுவான சான்று. ஆயினும் அம்முறையில் ஓதுவோர் நீடித்தார். ஓதப்படும் மொழியே மாறிற்று. சுயமரியாதைத் திருமணத்தில் ஓதுதலே அகன்று, விளக்குதல் அவ்விடத்தைப் பெற்றது. இதற்கு ஒரு விலையும் இருந்தது. சில மணித்துளிகளில் முடியும் மணமக்களின் சொற்களைவிட, பெண்ணுரிமை முதல் நாட்டு நடப்பு வரை விரியும் மேடைச் சொற்பொழிவே விழாவின் பெரும்பகுதியாயிற்று. தம் திருமணத்திலேயே மணமக்கள் அவையோராய் அமர்ந்திருக்கும் காட்சி புதுமையானதுதான்.

1953ஆம் ஆண்டுத் தீர்ப்பு

சமயச் சடங்கின்றி மணம்புரிய அக்காலத்தில் சட்டவழி ஏதும் இல்லாமல் இல்லை. 1872ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் மணமக்கள் தம் சமயத்தைத் துறந்ததாக அறிவிக்கக் கோரியது. 1923ஆம் ஆண்டுத் திருத்தம் இந்துக்கள் உள்ளிட்ட சிலருக்கு அத்தேவையை நீக்கிற்று. எனினும் அவ்வழியில் மணந்தவர் கூட்டுக்குடும்பத்திலிருந்து பிரிந்தவராகக் கருதப்பட்டார். முன்னறிவிப்பும் பதிவாளரும் வேறு தேவைப்பட்டனர். ஊரார் முன்னிலையில் நிகழும் விழாவிற்கு அது மாற்றாக அமையவில்லை.

இதன் விளைவு சொத்து வழக்குகளில் வெளிப்பட்டது. தெய்வானை ஆச்சி வழக்கில், 1934இல் நடைபெற்ற ஒரு சுயமரியாதைத் திருமணம் செல்லாது எனச் சென்னை உயர் நீதிமன்றம் 1953இல் தீர்ப்பளித்தது. இந்து மணத்திற்கு இன்றியமையாத சடங்குகள் அதில் இல்லை. தொன்மையான வழக்காறு என அதனைக் கொள்ளவும் இயலாது. ஒரு குழுவினர் தம் விருப்பத்தால் புதிய மணமுறையை உண்டாக்கிக்கொள்ள முடியாது என்பன அதன் சாரம். அழைப்பிதழும் தலைவரும் திரண்ட அவையும் இருந்தும், சட்டத்தின் முன் அவை ஒரு பெண்ணை மனைவியாக்கப் போதவில்லை. பிள்ளைகளின் உரிமையும் அதனோடு ஐயத்திற்குள்ளாயிற்று. 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 7ஆம் பிரிவும் வழக்காற்றுச் சடங்குகளையே அடிப்படையாகக் கொண்டமையால் இந்நிலை மாறவில்லை.

பிரிவு 7-அ

அண்ணா தலைமையிலான அரசு கொண்டுவந்த 1967ஆம் ஆண்டின் 21ஆம் எண் திருத்தச் சட்டம் 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன்வழிச் சேர்க்கப்பட்ட 7-அ பிரிவின்படி, உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில் மணமக்கள் தமக்குப் புரியும் மொழியில் ஒருவரையொருவர் துணையாக ஏற்பதாக அறிவிக்கலாம். அல்லது மாலையோ மோதிரமோ அணிவிக்கலாம். அல்லது தாலி கட்டலாம். ‘அல்லது’ என்னும் இச்சொல்லின் ஆற்றல் பெரிது. தாலியை மறுப்போரும் விரும்புவோரும் தத்தம் வழியே மணவிழாவை அமைத்துக்கொள்ள அது இடமளித்தது. முன்னரே நடைபெற்ற சுயமரியாதைத் திருமணங்களுக்கும், சில விலக்குகளுக்கு உட்பட்டு, இப்பிரிவு ஏற்பு வழங்கியது.

ஆனால் இப்பிரிவில் தலைவர் இல்லை. மணத்தை நடத்திவைப்பவர் என ஒருவரைச் சட்டம் சுட்டவே இல்லை. நாற்பதாண்டுகளாக விழாவின் நடுவிடத்தில் இருந்தவர் ‘பிறர்’ என்னும் சொல்லுள் அடங்கிவிட்டார். மேடை வடிவத்தைவிடச் சட்ட வடிவமே ஒப்பந்தம் என்னும் கருத்திற்கு நெருக்கமானது எனக் கொள்ளத் தோன்றுகிறது; ஒப்பந்தத்தின் சொற்கள் இருவருக்கே உரியன.

இப்பிரிவின் பயன் எதிர்பாராத திசையிலும் சென்றது. 2001இல் உச்ச நீதிமன்றம் கண்ட ஒரு வழக்கில், ஏழடிச் சடங்கு நடைபெறாமையால் தம் இரண்டாவது மணம் மணமே அன்று எனக் கணவர் வாதிட்டார். 7-அ பிரிவின்படி அது மணமே என நீதிமன்றம் கூறியது. சடங்கின்மையைக் காட்டி இருமணக் குற்றத்திலிருந்து தப்பும் வழி அடைபட்டது.

முன்னிலை என்பதன் பொருளும் பின்னர் வழக்காயிற்று. வழக்கறிஞர் அறைகளில் மறைவாக நடைபெறும் மணங்கள் செல்லா எனச் சென்னை உயர் நீதிமன்றம் 2014இல் கூறியது. 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அக்கருத்தை ஏற்கவில்லை. குடும்பத்தின் எதிர்ப்புக்கு அஞ்சி இணைவோரிடம் பொது அறிவிப்பைக் கட்டாயமாக்குவது அவர்தம் உயிருக்கே இடராகலாம் என்பதை அது கருத்தில் கொண்டது. வழக்கறிஞர் தம் தொழில் தகுதியில் மணம் செய்துவைத்தல் ஆகாது. நண்பராகவோ உறவினராகவோ உடனிருந்து சான்று பகரலாம் எனவும் அத்தீர்ப்பு வரையறுத்தது.