மாணவர்களே நடத்தும் ஆம்புலன்ஸ்

1966-ல் அமெரிக்காவின் தேசிய அறிவியல் கழகம் ஓர் அறிக்கை வெளியிட்டது. அந்நாட்டு ஆம்புலன்ஸ் சேவையில் பாதி, சவ அடக்கம் செய்யும் நிறுவனங்களின் கையில் இருந்ததாம்! வண்டியில் வருபவர்களுக்கு முறையான பயிற்சி கிடையாது. அதன் பிறகுதான் பயிற்சிக்கென்று பாடத்திட்டம் வந்தது.

அந்தக் காலகட்டத்தில், 1969-ல், வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் நடத்தும் மீட்புக் குழு பிறந்தது. சம்பளம் இல்லை. வகுப்புக்கும் தேர்வுக்கும் நடுவே டியூட்டி. ஆனால் மாணவர் என்பதற்காகப் பயிற்சியில் சலுகை எதுவும் இல்லை. 1994-ன் தேசியப் பாடத்திட்டப்படி அடிப்படைப் பயிற்சிக்கே 110 மணி நேரம். மூச்சுத் திணறல், ரத்தப்போக்கு, பிரசவம் என எல்லாம் உண்டு.

2007 ஏப்ரல் 16. காலையில் விடுதியில் சுடப்பட்ட இருவருக்குச் சிகிச்சை அளிக்க ஓடியது இந்தக் குழுதான். சில மணி நேரத்தில் நாரிஸ் ஹாலில் மேலும் 30 பேர் கொல்லப்பட்டார்கள். ஊர்த் தொண்டர் குழுவோடு சேர்ந்து, காயத்தின் தீவிரப்படி ஆட்களைப் பிரித்து மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அடிபட்டுக் கிடந்தவர்கள் அவர்களோடு அதே வளாகத்தில் படித்தவர்கள்!

மாநில விசாரணைக் குழு அன்றைய மருத்துவ உதவியைப் பாராட்டியது. அதற்குப் பின்னால் இருந்தது 38 வருடப் பழக்கம்.